இணையத்தளத்துக்கு இடம் தருவோர்: நம்பிக்கையைச் சோதிப்பது எவ்வாறு?

2023 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தின் இறுதி வாரத்தில், இலங்கை அரசாங்கத்தின் முகில் கணினிக் கட்டமைப்பு கப்பம் கோரும் மென்பொருளினால் தாக்கப்பட்டது. அமைச்சரவை அலுவலகம் உட்பட அரச நிறுவனங்கள் பயன்படுத்திவந்த ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிப்புக்குள்ளாகின. பன்னிரண்டு மணித்தியாலங்களுக்குள் கட்டமைப்பு மீள இயங்கத் தொடங்கியது. ஆயினும், அவ்வாண்டு மே மாதம் 17 ஆம் திகதி முதல் ஓகஸ்ட் 26 ஆம் திகதி வரையிலான மின்னஞ்சல்கள் மீட்கப்படவில்லை. அக்காலப்பகுதிக்குரிய காப்புப் பிரதி இருக்கவில்லை என்பதே அதற்குக் காரணமாகும். பயன்பாட்டிலிருந்த மென்பொருள் 2013 ஆம் ஆண்டுக்குரிய பதிப்பு என்பதும், நிதிப் பற்றாக்குறை உள்ளிட்ட காரணங்களால் அதனைப் புதுப்பிக்கும் பணி பிற்போடப்பட்டிருந்தது என்பதும் பின்னர் தெரியவந்தன.

ஓர் அரசாங்கத்துக்கே இந்நிலை ஏற்படுமாயின், சிறிய நிறுவனங்களின் நிலை யாது என்ற கேள்வி எழுவது இயல்பானதே. இன்று பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கங்கள், ஆலய பரிபாலன சபைகள், பள்ளிவாசல் நிர்வாக சபைகள், சனசமூக நிலையங்கள், ஏற்றுமதி செய்யும் சிறு வணிகர்கள், விருந்தினர் விடுதி நடத்துவோர் எனப் பலரும் தமக்கென இணையத்தளங்களை வைத்திருக்கின்றனர். புலம்பெயர்ந்து வாழும் உறவுகளிடமிருந்து நிதி திரட்டுவதும், வாடிக்கையாளர்களின் கட்டளைகளைப் பெற்றுக்கொள்வதும், ஊரின் வரலாற்றையும் நிழற்படங்களையும் சேமித்து வைப்பதும் அவற்றின் ஊடாகவே நடைபெறுகின்றன. ஆனால், அத்தளங்கள் எங்கே தங்கியிருக்கின்றன, எவருடைய பொறுப்பில் இருக்கின்றன என்று கேட்டால், பெரும்பாலான நிர்வாகிகளிடம் பதில் இருப்பதில்லை. "தம்பி ஒருவர் செய்து தந்தார், அவருக்குத்தான் தெரியும்" என்பதே வழமையான பதிலாக உள்ளது.

பெயர் வேறு, இடம் வேறு

இணையத்தளம் ஒன்று இயங்குவதற்கு இரண்டு பொருட்கள் அவசியமாகின்றன. ஒன்று, டொமைன் எனப்படும் பெயர். மற்றையது, அத்தளத்தின் எழுத்துகளும் படங்களும் தரவுகளும் இருப்பதற்கான இடம். அந்த இடம் என்பது, இரவு பகலாக இணையத்துடன் இணைந்திருக்கும் சேர்வர் என்ற கணினியின் ஒரு பகுதியாகும். பெரிய கட்டடங்களில், தடையற்ற மின்சாரத்துடனும் குளிரூட்டலுடனும் அடுக்கடுக்காக வைக்கப்பட்டிருக்கும் இக்கணினிகளில் இடத்தை வாடகைக்குக் கொடுப்பதையே வெப் ஹோஸ்டிங் என்கிறோம். ஒரே கணினியை நூற்றுக்கணக்கான தளங்கள் பகிர்ந்துகொள்ளும் முறை மலிவானது. ஒரு கணினியைப் பல தனியறைகளாகப் பிரித்துக் கொடுக்கும் முறை அதனைவிடச் செலவு கூடியது. முழுக் கணினியையும் ஒருவருக்கே கொடுப்பது மேலும் செலவு கூடியது. சாதாரண சங்கம் ஒன்றுக்கோ கடை ஒன்றுக்கோ முதலாவது முறையே போதுமானதாகும்.

பெயரைக் காணி உறுதிக்கும், இடத்தை வாடகை வீட்டுக்கும் ஒப்பிடலாம். உறுதி எம்மிடம் இருக்குமாயின், எந்த வீட்டுக்கும் குடிபெயர்ந்து அதே முகவரியில் தொடர்ந்து இயங்க முடியும். உறுதி வேறொருவர் கையில் இருக்குமாயின், வீட்டு வாடகையை எவ்வளவு ஒழுங்காகச் செலுத்தினாலும் பயனில்லை.

நம்பகமான ஹோஸ்டிங் நிறுவனம் எது என்று வினவுவோர், ஒருபோதும் தவறிழைக்காத நிறுவனத்தையே மனதிற் கொண்டு வினவுகின்றனர். அத்தகைய நிறுவனம் உலகில் எங்கும் இல்லை. மிகப் பெரிய நிறுவனங்களும் தீயினாலும் திருட்டினாலும் பாதிக்கப்பட்டுள்ளன. ஆகவே, கேட்கப்பட வேண்டிய கேள்வி வேறு. இந்நிறுவனம் நாளை மூடப்பட்டால், எரிந்துபோனால், அல்லது எம்முடன் முரண்பட்டால், எமது உடைமைகளுடன் எம்மால் வெளியேற முடியுமா? இக்கேள்விக்குத் தெளிவாக "ஆம்" என்று சொல்லக்கூடிய நிறுவனமே நம்பத்தகுந்தது. உள்ளே அழைக்கும் வாசல் எல்லோரிடமும் அலங்காரமாகவே இருக்கிறது. வெளியேறும் வாசலைப் பார்த்தே நம்பகத்தன்மையை அறிய வேண்டியிருக்கிறது.

உறுதி எவர் பெயரில்?

எமக்கு நன்கு தெரிந்த பாடசாலை ஒன்றின் பழைய மாணவர் சங்கத்துக்கு நேர்ந்த அனுபவத்தை இவ்விடத்தில் குறிப்பிடுவது பொருத்தமாகும். பாடசாலையின் ஆண்டு நிறைவையொட்டி இளைஞர் ஒருவர் ஆர்வத்துடன் இணையத்தளம் ஒன்றை அமைத்துக் கொடுத்தார். டொமைன் பெயரைத் தனது மின்னஞ்சல் முகவரியில் பதிவுசெய்து, கட்டணத்தையும் தனது கடனட்டையிலேயே செலுத்தினார். சில ஆண்டுகளின் பின்னர் அவர் வெளிநாடு சென்றுவிட்டார். பழைய மின்னஞ்சலை அவர் பார்ப்பதில்லை, கடனட்டையும் காலாவதியாகிவிட்டது. புதுப்பிக்கப்படாத பெயரை வேறெவரோ வாங்கிக்கொண்டனர். பாடசாலையின் பெயரைத் தட்டச்சுச் செய்த பெற்றோருக்கும் மாணவருக்கும் சூதாட்ட விளம்பரங்களே காட்சியளித்தன. முன்னாள் அதிபர்களின் உரைகளும், பரிசளிப்பு விழாப் படங்களும், மறைந்த ஆசிரியர்களுக்கான அஞ்சலிக் குறிப்புகளும் இல்லாமற்போயின. இதில் எவரும் தீய எண்ணத்துடன் செயற்படவில்லை என்பதே மிகவும் வருந்தத்தக்கது.

இது தவிர்க்கப்பட்டிருக்கக்கூடிய இழப்பாகும். டொட் கொம், டொட் ஓர்க் போன்ற சர்வதேசப் பெயர்களை மேற்பார்வை செய்யும் ஐகான் அமைப்பின் விதிகளின்படி, பெயரொன்று காலாவதியாவதற்கு முன்னர் குறைந்தது இரு தடவைகளும், காலாவதியானதன் பின்னர் ஒரு தடவையும் பதிவுசெய்தவருக்கு அறிவித்தல் அனுப்பப்பட வேண்டும். காலாவதியான பெயர் நீக்கப்பட்டாலும், அதன் பின்னர் 30 நாட்களுக்குள் மேலதிகக் கட்டணம் செலுத்தி அதனை மீட்டுக்கொள்ளும் வாய்ப்பும் உண்டு. ஆனால், இந்த அறிவித்தல்கள் யாவும் பதிவேட்டிலுள்ள மின்னஞ்சல் முகவரிக்கே செல்கின்றன. அந்த முகவரியை எவரும் திறந்து பார்க்காவிடின் விதிகள் இருந்தும் பயனில்லை.

எனவே, பெயர் நிறுவனத்தின் பெயரிலேயே பதிவாக வேண்டும். தனியொருவரின் மின்னஞ்சலன்றி, தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகியோர் பார்க்கக்கூடிய பொது முகவரி ஒன்று கொடுக்கப்பட வேண்டும். அம்முகவரி அதே டொமைன் பெயரில் அமைந்ததாக இருத்தலாகாது. பெயர் முடங்கினால் அம்மின்னஞ்சலும் கூடவே முடங்கிவிடும். நிர்வாக சபை மாறும்போது வங்கிப் புத்தகத்தையும் சாவிக் கொத்தையும் கையளிப்பதுபோல், கடவுச்சொற்களும் எழுத்துமூலம் கையளிக்கப்பட வேண்டும்.

பெயரைப் பதிவுசெய்த நிறுவனத்திடமிருந்து வேறொரு நிறுவனத்துக்கு மாற்றுவதற்கு இரகசியக் குறியீடு ஒன்று தேவைப்படுகிறது. சர்வதேசப் பெயர்களைப் பொறுத்தவரை, வாடிக்கையாளர் கேட்டால் ஐந்து நாட்களுக்குள் அதனை வழங்க வேண்டியது பதிவு நிறுவனத்தின் கடமையாகும். அதனை வழங்கத் தயங்குபவரும், "உங்கள் பெயர் எங்களிடம் பத்திரமாக இருக்கும்" என்று மட்டும் சொல்பவரும் உறுதியைத் தம்வசம் வைத்திருக்க விரும்புபவர்களே. பெயரை ஒரு நிறுவனத்திடமும், இடத்தை இன்னொரு நிறுவனத்திடமும் பெற்றுக்கொள்வது பாதுகாப்பானது என்று அனுபவசாலிகள் கூறுவதும் இதனாலேயே.

ஒரே பிரதி, ஒரே கூரை

2021 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 10 ஆம் திகதி அதிகாலையில், பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பேர்க் நகரில் அமைந்திருந்த ஓவிஎச் நிறுவனத்தின் தரவு நிலையத்தில் தீ பரவியது. ஐந்து மாடிகளைக் கொண்ட கட்டடம் ஒன்று முற்றாக எரிந்தது. அருகிலிருந்த கட்டடத்தின் ஒரு பகுதியும் அழிந்தது. உயிர்ச்சேதம் எதுவும் ஏற்படவில்லை. எனினும், சுமார் 36 இலட்சம் இணையத்தளங்கள் செயலிழந்ததாக இணையத்தளங்களைக் கணக்கெடுக்கும் நெற்கிராஃப்ட் நிறுவனம் மதிப்பிட்டது. ஐரோப்பாவின் மிகப் பெரிய ஹோஸ்டிங் நிறுவனங்களில் ஒன்றுக்கே இது நேர்ந்தது.

அதிலும் கவனத்துக்குரியது பின்னர் நடந்ததாகும். கட்டணம் செலுத்திக் காப்புப் பிரதி வசதியைப் பெற்றிருந்த வாடிக்கையாளர்கள் சிலர், தமது தரவுகள் பாதுகாப்பாக இருப்பதாகவே எண்ணியிருந்தனர். அந்தப் பிரதிகளும் அதே கட்டடத்திலேயே எரிந்துவிட்டன. இதனால் பாதிக்கப்பட்ட நிறுவனம் ஒன்று தொடுத்த வழக்கில், லில் நகர வர்த்தக நீதிமன்றம் 2023 ஆம் ஆண்டு ஒரு இலட்சம் யூரோவுக்கும் அதிகமான நட்டஈட்டை வழங்குமாறு தீர்ப்பளித்தது. பிரதான தரவிலிருந்து பௌதிக ரீதியில் பிரிக்கப்பட்ட இடத்தில் பிரதி வைக்கப்படும் என்று ஒப்பந்தத்தில் கூறப்பட்டிருந்தமை அத்தீர்ப்பில் முக்கிய இடம் பெற்றது. ஆக, "காப்புப் பிரதி எடுக்கிறீர்களா?" என்று கேட்பது மட்டும் போதாது. "எங்கே வைக்கிறீர்கள்?" என்பதையும் எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும்.

பிரதிகள் வேறு கட்டடத்தில் இருந்தாலும் ஆபத்து முற்றாக நீங்கிவிடுவதில்லை. 2023 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 18 ஆம் திகதி டென்மார்க்கின் கிளவுட்நோர்டிக் என்ற ஹோஸ்டிங் நிறுவனம் கப்பம் கோருவோரின் தாக்குதலுக்கு இலக்காகியது. வழங்கும் கணினிகள், முதலாவது காப்புப் பிரதி, இரண்டாவது காப்புப் பிரதி ஆகிய அனைத்தும் ஒரே உள்வலையமைப்பின் ஊடாகப் பூட்டப்பட்டன. கப்பம் செலுத்தப் போவதில்லை என அறிவித்த நிறுவனம், பெரும்பாலான வாடிக்கையாளர்களின் தரவுகள் யாவும் இழக்கப்பட்டுவிட்டதாக ஒப்புக்கொள்ள நேர்ந்தது. தென்கொரியாவின் டேஜோன் நகரிலுள்ள அரச தரவு நிலையத்தில் 2025 செப்டெம்பர் 26 ஆம் திகதி ஏற்பட்ட தீயினால் 709 அரச கணினிச் சேவைகள் நிறுத்தப்பட்டன. அரச ஊழியர்கள் ஆவணங்களைச் சேமித்துவந்த களஞ்சியத்தில் 858 டெராபைட் அளவான தரவுகள், வெளிப்பிரதி எதுவும் இல்லாமல் அழிந்தன. தொழில்நுட்பத்தில் முன்னணியில் திகழும் நாட்டின் நிலை இது.

ஒரே பிரதி ஒரே கூரையின் கீழ் இருப்பதன் விளைவை எமது மக்களுக்கு எவரும் புதிதாக எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாகின. 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் காணி உறுதிகளையும், பள்ளிவாசல், பாடசாலைப் பதிவேடுகளையும் விட்டுவிட்டே செல்ல நேர்ந்தது. 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி கடல் பொங்கியபோது, கிழக்குக் கரையோர ஊர்களில் பிறப்பு, திருமண ஆவணங்கள் நீரோடு போயின. பிரதியெடுப்பதற்கு அன்று வசதியிருக்கவில்லை. இன்று ஒரு சங்கத்தின் முழு இணையத்தளத்தையும், பெருவிரல் அளவான சேமிப்புக் கருவி ஒன்றில் சில நிமிடங்களில் பதிந்துவிடலாம். இந்நிலையிலும் நாம் அதனைச் செய்யாதிருப்போமாயின், அந்தத் தவறுக்கு வேறெவரையும் குறை கூற முடியாது.

கணினித்துறையினர் இதற்கு எளிய விதி ஒன்றை வைத்திருக்கின்றனர். பிரதிகள் 3 இருக்க வேண்டும். அவை 2 வகையான சாதனங்களில் இருக்க வேண்டும். அவற்றுள் 1 வேறோர் இடத்தில் இருக்க வேண்டும். தளம் இயங்கும் கணினியில் ஒன்று, அலுவலகத்தில் இணையத்துடன் இணைக்கப்படாத சேமிப்புக் கருவியில் ஒன்று, வேறு ஊரில் வசிக்கும் உறுப்பினர் ஒருவரிடம் ஒன்று என வைத்துக்கொண்டால் அவ்விதி நிறைவேறிவிடும். ஹோஸ்டிங் நிறுவனம் எடுக்கும் பிரதியை உபரியாகக் கருத வேண்டுமேயன்றி, அதனையே நம்பியிருத்தல் ஆகாது. ஆண்டுக்கு ஒரு முறையேனும் பிரதியிலிருந்து தளத்தை மீள அமைத்துப் பார்ப்பதும் அவசியமாகும். திறந்து பார்க்கப்படாத பிரதி, இருப்பதாக எண்ணப்படும் பிரதி மட்டுமே.

விளம்பரங்களின் மொழி

ஹோஸ்டிங் நிறுவனங்களின் விளம்பரங்களில் மூன்று வாக்குறுதிகள் தவறாமல் இடம்பெறுகின்றன. முதலாவது, "எல்லையற்ற இடம்" என்பது. எந்தக் கணினிக்கும் எல்லை உண்டு. நிபந்தனைகளைக் கூர்ந்து வாசித்தால், கோப்புகளின் எண்ணிக்கைக்கும், கணினியின் உழைப்பைப் பயன்படுத்தும் அளவுக்கும் வரையறைகள் விதிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். அவ்வரையறையை வெளிப்படையாக இலக்கத்தில் கூறும் நிறுவனம், எல்லையே இல்லை என்று கூறும் நிறுவனத்தைவிட நம்பத்தகுந்தது.

இரண்டாவது, "99.9 சதவீதம் தடையற்ற சேவை" என்பது. 99.9 சதவீதம் என்றால் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 8 மணித்தியாலமும் 45 நிமிடமும் தளம் முடங்கியிருக்கலாம் என்பதே பொருள். 99 சதவீதம் என்றால் அது மூன்றரை நாட்களுக்கும் மேலாகிவிடும். வாக்குறுதி மீறப்பட்டால் பெரும்பாலும் கிடைப்பது மாதக் கட்டணத்தின் ஒரு பகுதி மட்டுமே. இழந்த வியாபாரத்துக்கு ஈடு கிடைப்பதில்லை.

மூன்றாவது, குறைந்த விலை. முதலாம் ஆண்டுக்குரிய கட்டணத்தைப் பெரிய எழுத்திலும், புதுப்பிக்கும் கட்டணத்தைச் சிறிய எழுத்திலும் அச்சிடுவது இத்துறையின் வழக்கமாகிவிட்டது. டொட் கொம் பெயரொன்றுக்குப் பதிவு நிறுவனங்கள் செலுத்த வேண்டிய மொத்த விலை 2024 செப்டெம்பரில் 10.26 டொலராக உயர்ந்தது. ஒரு டொலருக்கு அப்பெயரைத் தருவதாகக் கூறுபவர், மிகுதியைப் பின்னர் எவ்வழியிலாவது எம்மிடமிருந்தே பெற்றுக்கொள்வார் என்பதை ஊகிப்பது கடினமன்று. ஆகவே, முதலாம் ஆண்டின் விலையை அன்றி, ஐந்து ஆண்டுகளுக்கான மொத்தச் செலவையே ஒப்பிட வேண்டும். தளத்துக்கும் பார்வையாளருக்கும் இடையிலான தொடர்பை மறைகுறியாக்கும் சான்றிதழை, 2015 இல் செயற்படத் தொடங்கிய லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு இலவசமாகவே வழங்கிவருகிறது. அடிப்படையான அச்சான்றிதழுக்கென ஒரு சங்கத்திடம் பெருந்தொகை கேட்கப்படுமாயின், காரணத்தை வினவுவது நியாயமானதே.

முற்றிலும் இலவசமானவற்றின் கதையையும் அறிந்திருத்தல் நன்று. ஒரு காலத்தில் எம்மவர் உட்பட உலகெங்கும் பலர் தமது முதலாவது பக்கங்களை ஜியோசிற்றீஸ் என்ற இலவசத் தளத்தில் அமைத்தனர். 1999 இல் அதனை வாங்கிய யாஹூ நிறுவனம், 2009 ஒக்டோபர் 26 ஆம் திகதி அதனை மூடிவிட்டது. தன்னார்வலர்கள் சிலர் விரைந்து பிரதியெடுத்தவை தவிர ஏனையவை மறைந்துபோயின. டொட் டீகே போன்ற பெயர்களை இலவசமாக வழங்கிவந்த ஃப்ரீநொம் நிறுவனமும் 2023 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் புதிய பதிவுகளை நிறுத்தி, 2024 இல் அத்தொழிலிலிருந்தே விலகுவதாக அறிவித்தது. இலவசமாகப் பெற்றவருக்கு ஒப்பந்தம் இல்லை. ஒப்பந்தம் இல்லாதவருக்கு முறையிட இடமும் இல்லை. முகநூற் பக்கத்தை மட்டுமே நம்பியிருப்போருக்கும் இது பொருந்தும்.

"சிறந்த பத்து ஹோஸ்டிங் நிறுவனங்கள்" என்ற தலைப்பில் வெளியாகும் பட்டியல்களை நம்பித் தெரிவு செய்வோரும் உளர். அவற்றுட் பல, வாடிக்கையாளர் ஒருவரைச் சேர்த்துவிட்டால் நிறுவனம் வழங்கும் தரகுப் பணத்துக்காக எழுதப்படுபவை. அதுமட்டுமன்றி, வெவ்வேறு பெயர்களில் காணப்படும் நிறுவனங்கள் ஒரே உரிமையாளருடையவையாக இருப்பதும் உண்டு. 2013 ஓகஸ்ட் 2 ஆம் திகதி அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள ஒரு தரவு நிலையத்தில் ஏற்பட்ட கோளாறினால் புளூஹோஸ்ட், ஹோஸ்ட்கேற்றர், ஹோஸ்ட்மொன்ஸ்ரர், ஜஸ்ட்ஹோஸ்ட் ஆகிய நான்கின் வாடிக்கையாளர்களும் ஒரே நேரத்தில் பாதிக்கப்பட்டனர். நான்கும் ஒரே தாய் நிறுவனத்துக்குச் சொந்தமானவை என்பதை அவர்களுட் பலர் அன்றுதான் அறிந்துகொண்டனர்.

பூட்டின் தரம்

பாதுகாப்பைப் பொறுத்தவரை, சாதாரண வாடிக்கையாளரால் ஒரு நிறுவனத்தின் உட்கட்டமைப்பைச் சோதிக்க முடியாது. எனினும், சில அடையாளங்களைக் கண்டுகொள்ளலாம். 2015 இல் 000வெப்ஹோஸ்ட் என்ற இலவசச் சேவையிலிருந்து 1 கோடியே 30 இலட்சத்துக்கும் அதிகமானோரின் விபரங்கள் திருடப்பட்டமை வெளியாகியது. அவர்களது கடவுச்சொற்கள் எவ்வித மறைகுறியாக்கமும் இன்றி, எழுதியவாறே சேமிக்கப்பட்டிருந்தன. "கடவுச்சொல்லை மறந்துவிட்டேன்" என்று தெரிவிக்கும்போது, பழைய கடவுச்சொல்லையே மின்னஞ்சலில் அனுப்பும் நிறுவனம் அதே தவறைச் செய்துகொண்டிருக்கிறது என்று கொள்ளலாம். அத்தகைய இடத்திலிருந்து தாமதமின்றி விலகுவதே நன்று.

பெரிய பெயரும் பாதுகாப்புக்கு உத்தரவாதமாகிவிடாது. உலகின் மிகப் பெரிய ஹோஸ்டிங் நிறுவனங்களில் ஒன்றான கோடாடி, தனது வேர்ட்பிரஸ் வாடிக்கையாளர் 12 இலட்சம் பேர் வரையானோரின் விபரங்கள் அம்பலமானதாக 2021 நவம்பரில் அறிவித்தது. அந்நிறுவனம் பாதுகாப்பில் அடிப்படையான நடவடிக்கைகளைக்கூட எடுக்கத் தவறியதாக அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு 2025 ஜனவரியில் குற்றஞ்சாட்டி, முறையான பாதுகாப்புத் திட்டமொன்றை ஏற்படுத்துமாறு கோரியது. கடவுச்சொல்லுடன் கைத்தொலைபேசிக்கு வரும் இரண்டாவது உறுதிப்படுத்தலும் உண்டா, மென்பொருட்கள் காலத்துக்குக் காலம் புதுப்பிக்கப்படுகின்றனவா, தவறு நேரும்போது வாடிக்கையாளருக்கு உடனடியாக அறிவிக்கப்படுகிறதா என்பவற்றைக் கேட்டறிவது அவசியமாகும். தவறை மறைத்த நிறுவனத்தைவிட, தவறு நேர்ந்த விதத்தைப் பகிரங்கமாக விளக்கிய நிறுவனம் மேலானது.

உள்நாடா, வெளிநாடா?

இலங்கையர் அடிக்கடி எதிர்நோக்கும் கேள்வி இது. வெளிநாட்டு நிறுவனங்கள் டொலரிலேயே கட்டணம் அறவிடுகின்றன. 2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலரின் பெறுமதி, மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. 100 டொலர் கட்டணம் சில வாரங்களுக்குள் 20,000 ரூபாவிலிருந்து 36,000 ரூபாவாகியது. மறுபுறத்தில், அதே மார்ச் மாதம் 31 ஆம் திகதி நாட்டில் 13 மணித்தியால மின்வெட்டு அமுலாகியது. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கொன்று நுழைந்தமையால் நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. இத்தகைய சூழலில் இயங்கும் உள்நாட்டுத் தரவு நிலையத்தில் போதிய மின்பிறப்பாக்கி வசதி உண்டா என்று கேட்காமலிருக்க முடியாது.

உள்நாட்டு நிறுவனத்தினால் நன்மைகளும் உண்டு. ரூபாவிற் கட்டணம் செலுத்தலாம், பற்றுச்சீட்டுப் பெறலாம், தொலைபேசியில் தமிழில் உரையாடலாம், தேவையேற்படின் நேரிற் சென்று கேட்கலாம். ஆயினும், உள்நாட்டில் இச்சேவையை விற்போர் பலர், வெளிநாட்டு நிறுவனமொன்றிடம் மொத்தமாக வாங்கிய இடத்தையே சில்லறையாக விற்பவர்கள். இதில் தவறேதும் இல்லை. ஆனால் எவரிடமிருந்து வாங்குகிறார், கணினி எந்த நாட்டில் உள்ளது, தமது தொழிலை அவர் கைவிட்டால் எமது தளத்துக்கு என்ன நேரும் என்பவற்றை மறைக்காமற் சொல்ல வேண்டும். பார்வையாளர் பெரும்பாலும் இலங்கையில் இருப்பாராயின் சிங்கப்பூரிலோ இந்தியாவிலோ உள்ள கணினி விரைவாகப் பதிலளிக்கும். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருப்பாராயின் மேற்கு நாடுகளிலுள்ள கணினி பொருத்தமாகும்.

இதில் சட்டப் பொறுப்பும் அடங்கியுள்ளது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவுகளைச் சேகரிப்பவரையும், அவர் சார்பில் அவற்றைக் கையாள்பவரையும் வேறுபடுத்திக் காட்டுகிறது. அங்கத்தவர்களின் பெயர், முகவரி, நன்கொடை விபரங்கள் என்பன கசியுமாயின், "ஹோஸ்டிங் நிறுவனத்தின் தவறு" என்று கூறிச் சங்கம் தனது பொறுப்பிலிருந்து விலகிவிட முடியாது.

பணம் செலுத்துமுன்

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், பணம் செலுத்துவதற்கு முன்னர் கேட்க வேண்டியவை சிலவே. பெயர் எவர் பெயரில் பதிவாகும்? மாற்றுவதற்கான குறியீடு கேட்டவுடன் கிடைக்குமா? முழுத் தளத்தையும் நாமே தரவிறக்கம் செய்துகொள்ள முடியுமா? காப்புப் பிரதி எங்கே, எத்தனை நாட்களுக்கு வைக்கப்படும்? இரண்டாம் ஆண்டுக்கான கட்டணம் எவ்வளவு? கட்டணம் செலுத்தத் தாமதித்தால் எத்தனை நாட்களின் பின்னர் தரவுகள் அழிக்கப்படும்? இவற்றை மின்னஞ்சலில் அனுப்பிப் பதில் பெறுவதே சிறந்தது. பதில் எழுத்தில் இருக்கும் என்பதுடன், எவ்வளவு விரைவாகவும் எவ்வளவு தெளிவாகவும் பதில் வருகிறது என்பதும் அந்நிறுவனத்தைப் பற்றி எமக்கு உணர்த்திவிடும். பணம் பெறுமுன்னரே பதிலளிக்காதவர், பெற்ற பின்னர் பதிலளிப்பார் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. மூன்றாண்டுகளுக்குரிய கட்டணத்தை ஒரேயடியாகச் செலுத்தினால் கழிவு கிடைக்கும் என்றாலும், முதலில் சில மாதங்களுக்கு மட்டும் செலுத்திப் பார்ப்பதே விவேகமானது.

ஏற்கெனவே தளம் வைத்திருப்போர் புதிய நிறுவனத்தைத் தேடுவதற்கு முன்னர் செய்ய வேண்டிய காரியம் ஒன்றுண்டு. அடுத்த நிர்வாக சபைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதனையும் ஒரு விடயமாகச் சேர்த்து, டொமைன் பெயர் எவரிடம் உள்ளது, எப்போது காலாவதியாகிறது, இறுதியாகப் பிரதியெடுக்கப்பட்டது எந்நாள் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடையைக் கூட்டக் குறிப்பிற் பதிவுசெய்துகொள்ள வேண்டும். விடை கிடைக்காவிடின், தளத்தை அமைத்துத் தந்த அந்தத் தம்பி இன்னும் தொடர்பிலிருக்கும்போதே அவரை அழைத்துப் பேசுவது நன்று. பெயர் காலாவதியான பின்னர் எடுக்கப்படும் தொலைபேசி அழைப்பினால் பயனேதும் விளையாது.